தோட்டத்துச் சாலைக்கு எந்தச் சைக்கிள்?

இப்போதெல்லாம் சைக்கிள் கடைகளில் மூன்று வகை நிற்கின்றன. மெலிந்த டயரும் ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடியும் கொண்ட ரோட் பைக் ஒன்று. தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் கொண்ட மவுண்டன் பைக் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், அதே வளைந்த கைப்பிடியோடும் கொஞ்சம் தடித்த டயரோடும் மூன்றாவதாக ஒன்று நிற்கும். அதுதான் கிராவல் பைக். கிராவல் என்றால் சரளைக்கல். தார்ச்சாலையிலும் ஓட வேண்டும், மண் சாலையிலும் ஓட வேண்டும் என்பவர்களுக்காகச் செய்தது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிறு பட்டணத்தில், 2006-இல் தொடங்கிய 200 மைல் சரளைச் சாலைப் பந்தயம் இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பந்தயங்களில் முக்கியமானது. 2022-இல் இதற்கென்றே ஓர் உலகப் போட்டி இத்தாலியில் நடந்தது. அந்த வீரர்களுக்கு ஏற்ற சைக்கிளைப் பற்றிப் படிக்க எத்தனையோ இருக்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டத்துச் சாலையில், மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் ஓட்டுவதற்கு எது ஏற்றது என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆறு மாதம் யோசித்து வாங்கியவள் என்ற முறையில் நானே எழுதிவிடுகிறேன்.

ஏன் வாங்கினேன்?

வானொலி அறிவிப்பாளர் வேலை உட்கார்ந்த வேலை. காலை நிகழ்ச்சிக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுவேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு மணி நேரம் நாற்காலி; பிறகு நிகழ்ச்சித் தயாரிப்புக்கு இன்னும் நான்கு மணி நேரம் வேறொரு நாற்காலி. பசிக்கும்போது கைக்கு எட்டுவது தே தாரேக்கும் கறிபாப்பும்தான்.

மகன் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வந்தது. அது வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகவே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அப்போதே எச்சரித்தார்கள். போன ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி 6.1 விழுக்காடு. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.3-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நின்றது வாசற்படிக்கு மிக அருகில். அப்பா தினமும் இன்சுலின் போடுகிறார். பாட்டிக்கு இதே நோயில் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்தது. எங்கள் வீட்டில் கணக்கு அதைவிட மோசம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஓடுவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பதில் மனம் ஒட்டவில்லை. போக ஓர் இடம் இருந்தால் நான் போய்விடுவேன். அப்படி ஓர் இடம் எனக்கு இருந்தது.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் ஒரு தோட்டம். அப்பா பிறந்த தோட்டம். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இன்னும் அங்கேதான் இருக்கிறார். இளவயதில் பால் மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது அங்கே டிராக்டர் ஓட்டும் மகனோடு இருக்கிறார். தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் காரில் போய் வந்துகொண்டிருந்த எனக்கு, அத்தை வீட்டுக்குச் சைக்கிளில் போனால் என்ன என்று தோன்றியது.

முதலில் சாலையை அளந்தேன்

ஊடகத் துறையில் பட்டப்படிப்பு படித்தபோது முதல் பருவத்திலேயே ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: கேட்கப் போகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு பிறகு பேச்சை எழுது. சைக்கிளுக்கும் அது பொருந்தும். எந்தச் சாலையில் ஓடப் போகிறது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடையில் எது இருக்கிறதோ அதைத்தான் வாங்கி வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய், சாலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். என் வீட்டிலிருந்து தோட்டத்து நுழைவாயில் வரை தார்ச்சாலை 18 கிலோமீட்டர். உள்ளே அத்தை வீடு வரை மண் சாலை 7 கிலோமீட்டர். போய் வர மொத்தம் 50. அதில் 36 தார், 14 மண். அந்த 14-இல் இரண்டு குட்டையான, செங்குத்தான மேடுகள். போக ஒரு முறை, வர ஒரு முறை.

இந்தக் கணக்கே பாதி முடிவைச் சொல்லிவிட்டது. தார் 36 கிலோமீட்டர் என்பதால் மவுண்டன் பைக் வீண் பாரம். மண் 14 கிலோமீட்டர் என்பதால் 25, 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோட் பைக் ஆபத்து. உங்கள் கணக்கு தலைகீழாக இருந்தால், தோட்டத்துக்குள்ளேயே நாள் முழுவதும் சுற்றுவதானால், மவுண்டன் பைக்கே நல்லது. சாலை முழுவதும் தார் என்றால் கிராவல் பைக்குக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை.

தோட்டத்துச் சாலை எதனால் அப்படி இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் காலத்தில் பாலைக் காண்டாவில் சுமந்து வர ஒற்றையடிப் பாதை போதும். செம்பனைக் குலை ஒன்று 15, 20 கிலோ இருக்கும். வெட்டிய குலை தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும். ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் செம்பனைத் தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் லோரி போகும் சாலை. செம்மண்ணையும் உடைத்த கல்லையும் கொட்டி அமுக்கி வைத்திருப்பார்கள். மாலை மழை மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும். கல் மட்டும் மேலே நிற்கும். லோரிச் சக்கரம் இரண்டு பள்ளம் போட்டுவிடும். நடுவில் புல். காய்ந்த நாளில் கல் உருளும். நனைந்த நாளில் மண் வழுக்கும். நாம் வாங்கும் சைக்கிள் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

டயர்: தாத்தா சொன்ன அளவு

கிராவல் பைக்கில் முதலில் பார்க்க வேண்டியது டயரின் அகலம். 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு சொன்னார்கள். நிகழ்ச்சியில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, தொலைபேசியில் அழைத்த நேயர்களும் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள்.

விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. தாத்தா வைத்திருந்த ராலே சைக்கிளைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "28 அங்குலச் சக்கரம்மா, ஒன்றரை அங்குல டயர்" என்றார், யோசிக்காமல். டியூப் வாங்கிவர எத்தனை முறை பட்டணத்துக்கு அனுப்பியிருப்பார்கள்! ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். அதே டயரை இன்றைய அளவு முறையில் 40 என்று குறிக்கிறார்கள். ஆக, இன்றைக்குக் கிராவல் பைக்கில் பரவலாகப் போட்டு வரும் 40 மில்லிமீட்டர் டயரைத்தான் தாத்தா அன்றைக்கே தோட்டத்தில் ஓட்டியிருக்கிறார். முன்னால் பால் வாளி, பின்னால் விறகு, சில நாள் நடுக் கம்பியில் அப்பா.

நானும் 40-ஐ எடுத்தேன். ஆனால் 45 வரை போடக்கூடிய ஃபிரேமாகப் பார்த்து எடுத்தேன். ஈரச் செம்மண் டயரோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இடம் இல்லையென்றால் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். கடையில் பார்க்கும்போது டயரின் இரு பக்கமும் உங்கள் சுண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

காற்றும் முக்கியம். டயர் அகலமானால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். கல்லில் துள்ளாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு போகும். என் எடை 68 கிலோ. தாரில் 40 பி.எஸ்.ஐ. வைத்துப் போகிறேன், தோட்ட வாசலில் நிறுத்தி 32-க்கு இறக்குகிறேன். திரும்பும்போது கைப் பம்பில் மறுபடி ஏற்றுகிறேன். இரண்டு நிமிட வேலை.

பிரேக், கியர், பிறகுதான் மற்றது

கடையில் எல்லோரும் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். எட்டரைக் கிலோவா, பத்தரைக் கிலோவா என்பதுதான் பேச்சு. அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். "வெயிட்ட விடும்மா. எறக்கத்துல எப்படி நிக்குதுன்னு பாரு" என்றார்.

சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக், சேற்றிலும் மழையிலும் வலுவிழக்கும். மணல் சேர்ந்து விளிம்பையும் தேய்க்கும். டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் சேறு அவ்வளவாக எட்டாது. நம் மழைக்கு டிஸ்க் பிரேக் கட்டாயம். அதில் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக், கம்பியால் இழுக்கும் மெக்கானிக்கல் என்று இரண்டு உண்டு. ஹைட்ராலிக்கில் இரண்டு விரல் போதும். கட்டை தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். மெக்கானிக்கலில் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டை தேய்ந்தால் நாமே திருகி நெருக்க வேண்டும். ஆனால் கம்பி அறுந்தால் எந்தச் சின்னப் பட்டணத்துச் சைக்கிள் கடையிலும் மாற்றிவிடலாம். கை வலுக் குறைந்தவர்கள், நீண்ட இறக்கம் இறங்குபவர்கள், உதாரணமாகக் கோலக்கிளாவாங் பக்கம் புக்கிட் தங்காவில் ஓட்டுபவர்கள், பணம் இருந்தால் ஹைட்ராலிக் எடுக்கலாம். என் இரண்டு மேடுகளுக்கு மெக்கானிக்கல் போதும்.

கியர் விஷயத்தில் ஒரே ஒரு கணக்கைக் கேளுங்கள்: மிகச் சிறிய கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும்? 40 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்றால் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர். முன்னால் 30, பின்னால் 34 என்றால் 1.95 மீட்டருக்குள். இந்த எண் சிறியதாக இருந்தால் மேட்டில் இறங்காமல் ஏறலாம். தாத்தாவின் சைக்கிளுக்கு ஒரே கியர். ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்குக் குறையாது. அதனால்தான் அவர்கள் மேட்டில் இறங்கித் தள்ளினார்கள். அவர்கள் காலில் வலு இல்லாமல் இல்லை.

முன்னால் ஒரு பல்சக்கரமா, இரண்டா? ஒன்று என்றால் சேற்றில் தொல்லை குறைவு. இரண்டு என்றால் கியருக்குக் கியர் இடைவெளி நெருக்கம். தாரில் கால் ஒரே சீராகச் சுற்றும். எனக்குத் தார் அதிகம் என்பதால் 46, 30 என்று இரண்டு உள்ளதை எடுத்தேன்.

ஃபிரேம் அலுமினியம். கார்பன் இலகு, விலையோ என் உயரத்தில் இல்லை. முக்கியமாக மட்கார்டும் பின் கேரியரும் பொருத்தத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பந்தயக்காரர்களுக்கு அது வேண்டாம். அத்தை வீட்டுக்கு வெறுங்கையோடு போகவும் முடியாது, வெறுங்கையோடு வரவும் முடியாது. போகும்போது மாத்திரையும் ரொட்டியும். வரும்போது முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, ஒரு முறை உயிருள்ள கோழி. கோழியை மட்டும் பணிவாக மறுத்துவிட்டேன்.

பால் வாசனை

செம்பனை மட்டையின் அடியில் இரு பக்கமும் முள் இருக்கும். வெட்டிய மட்டையை வரிசையாக அடுக்கி வைத்தாலும் சாலையில் சிந்திக் கிடக்கும். சாதாரண டியூபை அது ஒரே குத்தில் முடித்துவிடும். அதற்காகத்தான் டியூப்லெஸ் டயர். உள்ளே டியூப் இல்லை. பதிலாகச் சீலண்ட் என்ற வெள்ளைத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். முள் குத்திக் காற்று வெளியேறும்போது திரவமும் அந்த ஓட்டைக்கு ஓடி, அங்கேயே உறைந்து அடைத்துவிடும்.

வீட்டில் அந்தப் போத்தலைத் திறந்தபோது அப்பா பக்கத்து அறையிலிருந்து வந்துவிட்டார். "என்னம்மா இது, பால் ஸ்டோர் வாசனை அடிக்குது?" என்றார். பாதிக்கு மேல் சரி. பல சீலண்டுகளில் முக்கியப் பொருளே ரப்பர் பால்தான். அது போத்தலுக்குள் உறையாமலிருக்கச் சிலவற்றில் அமோனியா சேர்க்கிறார்கள். தோட்டத்திலும் பால் முன்கூட்டியே உறைந்துவிடாமலிருக்க அமோனியாதான் ஊற்றினார்கள். ஷீட் ரப்பராக்கும் நேரத்தில் அமிலம் ஊற்றி உறைய வைத்தார்கள். அப்பா போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்தார். பிறகு, விடியற்காலை மூன்று மணிக்குப் பாட்டியோடு லாம்பு பிடித்துக்கொண்டு வெட்டுக் காட்டுக்குப் போன கதையைச் சொன்னார். அதுவரை எனக்குச் சொல்லாத கதை.

யோசித்தால், சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். முதலில் சைக்கிளுக்கு, பிறகு மோட்டார் வண்டிக்கு, உலகமே ரப்பர் கேட்டது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் நடத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அந்த மரங்களுக்காகத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள். டயருக்காகக் கப்பலேறிய குடும்பத்தில் பிறந்தவள் நான் என்று நினைத்துக்கொண்டே டயருக்குள் பாலை ஊற்றினேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து ஊற்றுங்கள். பெரிய கிழிசலை அது அடைக்காது. அவசரத்துக்கு ஒரு டியூபும் பையில் இருக்கட்டும்.

விலையும் வாசலும்

என் சைக்கிளின் விலை 3,400 வெள்ளி. இந்த எண்ணை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் இரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அந்தச் சாலையில் எனக்கு எதிரே உதிரிப் பழம் பொறுக்குபவர்கள் வருவார்கள். அவர்களுடைய ஓராண்டுச் சம்பளத்தின் மேல் உட்கார்ந்து போக எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களுக்கு இது விதி அல்ல. ஆனால் ஏதாவது ஓர் எல்லையை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தலைக்கவசம், விளக்கு, பம்பு, மட்கார்டு என்று இன்னும் 400, 500 வெள்ளி தனியாக வேண்டும்.

இன்னொன்று, தோட்டத்துச் சாலை பொதுச் சாலை அல்ல. நிறுவனத்தின் நிலம். அப்பா பிறந்த இடமானாலும் நான் வெளியாள்தான். முதல் முறை ஜாகா நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டு, அடையாள அட்டை எண்ணை எழுதிக்கொண்டார். பாட்டி முப்பத்தொரு ஆண்டு வேலை செய்த இடத்தின் வாசலில் நின்று பெயர் கொடுப்பது எப்படியோ இருந்தது. ஆனாலும் அது அவர் கடமை. அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேட்டுவிட்டுப் போங்கள். மருந்து அடிக்கும் நாளில் போகாதீர்கள். லோரிக்கு ஒதுங்கி நின்று வழி விடுங்கள். இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில் என்பதால் காலையில் போய்க் காலையிலேயே திரும்புங்கள். பெண்கள் தனியாகப் போவதானால், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நான் தம்பியோடோ தோழியோடோதான் போகிறேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் 5.8 வந்தது. சைக்கிள் மட்டுமே இதைச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். இரவுச் சோறு பாதியானது, கறிபாப்பு நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரம் மிதிப்பவளுக்குத் திங்கட்கிழமை கறிபாப்பு மேல் ஆசை குறைகிறது என்பது என் அனுபவம்.

அத்தைக்கு வயது 67. முதல் முறை நான் போய் நின்றபோது டயரை அமுக்கிப் பார்த்து, "நல்ல கெட்டியா இருக்கு" என்றார். எங்கள் குடும்பத்தில் சைக்கிள் தாத்தாவினுடையது. பாட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார், அத்தையும் நடந்தார். "எனக்கு யாரும் சைக்கிள் கத்துக் குடுக்கலம்மா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தையின் பேத்திக்குப் பத்து வயது. நான் தண்ணீர் குடிப்பதற்குள் என் சைக்கிளில் ஏறப் பார்த்தாள், கால் எட்டவில்லை. அவளுக்கு 24 அங்குலச் சக்கரத்தில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். பழையதானாலும் பரவாயில்லை. பிரேக் மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.